இருபத்தேழாம் எண் பெட்டி

பிப்ரவரி 3

காலை வெறும் வயிற்றில் 148. இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி. சட்னி கொஞ்சம்தான்.

சர்க்கரை டாக்டர் சொல்லி இந்த நோட்டைத் தொடங்குகிறேன். என்ன தின்றேன், எவ்வளவு நடந்தேன், யாரிடம் கோபப்பட்டேன் என்று தினமும் எழுத வேண்டுமாம். அடுத்த முறை போகும்போது பார்த்துக் கையெழுத்துப் போடுவாராம். ஐம்பத்தாறு வயதில் வீட்டுப்பாடம். கோபத்தை எழுதச் சொன்னதுதான் தப்பு, நோட்டு போதாது.

இன்று பெரிய ஆர்டர். மாவட்ட ஆயுதப்படையிலிருந்து ஆய்வாளர் நேரில் வந்தார். மரத்தில் பிடிக்கட்டை போட்ட பழைய துப்பாக்கி முப்பத்திரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. பெட்டி வெளியில் செய்கிறார்கள். உள்ளே துப்பாக்கி ஆடாமல் உட்கார ஃபோம் வெட்டித் தர வேண்டியது நாங்கள். பம்ப், மீட்டர், பல் டாக்டரின் சாமான், நாதஸ்வரம் வரை எல்லாவற்றுக்கும் படுக்கை வெட்டியாயிற்று. துப்பாக்கிக்கு இதுதான் முதல் தடவை.

"எல்லாம் ஒரே மாடல்தான், ஒண்ணை அளவெடுத்து முப்பத்திரண்டும் வெட்டிடுங்க" என்றார் ஆய்வாளர். நாற்பது வருசம் ஆன துப்பாக்கிகள். கட்டை மாற்றியிருப்பார்கள், தேய்ந்திருக்கும், ஒன்று போல ஒன்று எப்படி இருக்கும்? ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளவெடுத்தால்தான் வெட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி தெய்வானை கேட்டுவிட்டு, "போலீஸ்காரங்ககிட்டயும் உங்க வீம்பா?" என்றாள். வீம்பில்லை. தொழில்.

பிப்ரவரி 6

141. ராகிக் களி. நடந்தது இரண்டு கிலோமீட்டர். கோபம்: ஃபோம் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவை மூடாமல் போனவர்கள் மேல்.

பிப்ரவரி 11

152. காலையில் பூரி. ஆயுதப்படை மைதானத்தில் அவர்களே வாங்கித் தந்தது, மறுக்க முடியவில்லை.

துப்பாக்கி ஆயுதப்படை வளாகத்தை விட்டு வெளியே வராது என்பதால் நாங்களே போனோம். நானும் பாப்பாத்தியும். பதினோரு வருசமாக என்னிடம் வேலை செய்கிறாள். பட்டறையில் எட்டுப் பேர் இருந்தாலும் அளவெடுக்க அவள்தான் வேண்டும். பிடித்தால் பிடித்தபடி நிற்பாள், பென்சில் நகரும்போது சாமான் நகராது.

வேப்பமரத்தடியில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். காக்கிக் காகிதத்தை விரித்து, துப்பாக்கியைப் படுக்க வைத்து, அவள் கட்டையைப் பிடிக்க நான் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிலும் வரைய வேண்டும். பிறகு துப்பாக்கியின் எண், தேதி, கோளாறு ஏதும் இருந்தால் அது. கடைசியில் சாமானுக்குச் சொந்தக்காரர் 'அளவு சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு ஒரு பம்ப் கம்பெனிக்காரன் அளவு தப்பு என்று மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பியதிலிருந்து இந்தப் பழக்கம். கையெழுத்து இல்லாத அளவை நான் வெட்டுவதில்லை. கடவுளே வந்து சிம்மாசனத்துக்கு மெத்தை கேட்டாலும் 'அளவு சரி' எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.

இங்கே கையெழுத்துப் போட்டவர் கிடங்கு ஏட்டு மரியசூசை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சாது. 27-ஆம் எண் வந்தபோது பாப்பாத்தி, "அண்ணா, இது கையில குத்துதுங்க" என்றாள். பார்த்தால் கட்டையின் கழுத்தில் குறுக்கே விரிசல். பிளந்துவிடாமல் செம்புக் கம்பியால் ஆறு சுற்றுச் சுற்றியிருந்தது.

"பொங்கலுக்கு முன்ன ஜீப்புலருந்து விழுந்துட்டு அண்ணாச்சி. புதுக் கட்டைக்கு எழுதிப் போட்டிருக்கு, இன்னும் வரல. அத எதுக்கு எழுதுதிய?"

"கம்பி தடிப்பா இருக்குது. அதுக்குத் தனியாப் பள்ளம் விடோணும். எழுதாம எப்படி வெட்டறது?"

எழுதினேன். விரிசலையும் புள்ளி வைத்து வரைந்தேன். ஏட்டு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முப்பத்திரண்டும் முடிய மாலை நாலு மணி ஆயிற்று.

பிப்ரவரி 14

139. சோளச் சோறு, கொள்ளுப் பருப்பு.

வெட்ட ஆரம்பித்தோம். கறுப்புக் கெட்டி ஃபோம், இரண்டு அடுக்கு. மேலடுக்கில் துப்பாக்கி உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு அடியில் முழுத் தகட்டை ஒட்ட வேண்டும். வரைந்த கோட்டுக்கு இரண்டு மில்லி உள்ளே வெட்டினால்தான் பிடிப்பு நிற்கும். கோட்டின் மேலேயே வெட்டினால் தொளதொளவென்று ஆடும். என் கை இன்னும் நடுங்கவில்லை. 27-க்குக் கம்பிச் சுற்றுக்கான மேட்டையும் விட்டு வெட்டினேன். பாம்பு எலியை விழுங்கிய மாதிரி கழுத்தில் ஒரு புடைப்பு.

வெட்டி எடுத்த உருவங்கள் மேசைக்கடியில் குவிந்தன. எது எந்தப் பெட்டியினுடையது என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயிண்ட் பேனாவால் எண்ணும் தேதியும் எழுதுவேன். வேலை முடிந்தால் அவை கழிவுதான். பாப்பாத்தி கேட்டாள்:

"இதெல்லாம் நான் எடுத்துக்கட்டுங்களாண்ணா? குவாரியில வெடி வெச்சு வெச்சுச் செவுரெல்லாம் வாய் பொளந்து கெடக்குது. சந்துல திணிச்சா காத்தாவது வராம இருக்குமுங்க."

அவள் ஊர் நொச்சிக்காட்டூர். கல்குவாரிக்குப் பக்கத்திலேயே வீடு. ஊரே மனுக் கொடுத்துச் சலித்துப்போய் மறியல் செய்யப் போவதாகச் சொன்னாள். அவள் புருசன் ரங்கன் டெம்போ ஓட்டுகிறவன், அதில் முன்னால் நிற்கிறானாம். "உனக்கு எதுக்கு ஊர் வம்பு, உம்புருசன வண்டிய ஓட்டச் சொல்லம்மிணி" என்றேன். எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

பிப்ரவரி 20

133. ஒட்டும் வேலை. சொல்யூஷன் வாசனையில் தலைவலி.

பிப்ரவரி 26

128. கம்பு தோசை இரண்டு.

முப்பத்திரண்டையும் கொண்டுபோய்ப் பெட்டியில் பதித்துக் கொடுத்தோம். ஆய்வாளர் ஒரு பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். துப்பாக்கி அசையவில்லை. "தொட்டில்ல கொழந்தை மாதிரில்ல தூங்குது!" என்றார். இன்னும் பல மாவட்டங்களுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். 27-ஐ நானே வைத்துப் பார்த்தேன். கம்பிச் சுற்று பள்ளத்தில் அப்படியே உட்கார்ந்தது. முப்பத்திரண்டில் அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பிப்ரவரி 28

126. டாக்டர் நோட்டைப் புரட்டினார். "சாப்பிட்டதை எழுதச் சொன்னா துப்பாக்கி, பூரின்னு கதை எழுதி வெச்சிருக்கீங்க" என்று சிரித்தார். பூரிக்குக் கீழே கோடு போட்டுவிட்டு, இந்தப் பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்தும் தேதியும் போட்டார். மாத்திரையைக் குறைத்தார்.

மார்ச் 9

நொச்சிக்காட்டூர் மறியலில் துப்பாக்கிச் சூடு. டிவியில் மதியத்திலிருந்து அதுவே. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன கிழவர் ஒருவர் இறந்துவிட்டார். நாலு பேருக்குக் காயம். பாப்பாத்தி வேலைக்கு வரவில்லை, போன் எடுக்கவில்லை.

எழுத ஓடவில்லை.

மார்ச் 10

171. என்ன தின்றேன் என்று நினைவில்லை.

பேப்பரில் முதல் பக்கம். கும்பல் ஒரு காவலரின் துப்பாக்கியைப் பறித்துத் தரையில் அடித்து உடைத்ததாம். அதன் பிறகே வேறு வழியில்லாமல் சுட்டார்களாம். பறித்தவன் என்று ரங்கன் பெயரைப் போட்டிருக்கிறது. அவனுக்கு முழங்காலுக்குக் கீழே குண்டு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

உடைந்த துப்பாக்கியை மேசையில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். கட்டையில் எண் தெரிகிறது. 27. கழுத்தில் குறுக்கே விரிசல். கம்பி இல்லை.

படம் அவ்வளவு தெளிவாக இல்லை. பேப்பர்காரன் அச்சடிக்கிற லட்சணம் தெரிந்ததுதானே.

மார்ச் 12

188.

பாப்பாத்தி வந்தாள். நான்கு நாளில் ஆள் பாதியாகிவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவுரு துப்பாக்கியத் தொடவே இல்லீங்கண்ணா. விழுந்த பெரியவரத் தூக்கப் போனாரு, அப்பத்தான் கால்ல சுட்டாங்க. கட்டு அவுத்துப் பாக்கக்கூட ஆளில்லீங்க அங்க. காலு கெட்ட வாடை அடிக்குதாமா." பிறகு நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள். "அது நம்ம இருவத்தேழுங்கண்ணா. என்ற கையிலதான குத்துச்சு. நீங்க வரைஞ்ச பேப்பரு இருக்குமல்லங்க? ஏட்டு கையெழுத்துப் போட்டது. வக்கீலம்மா நசீமான்னு ஒருத்தர் கெடச்சிருக்காங்க. அந்தப் பேப்பரு இருந்தா ஜாமீன் வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாங்கறாங்க."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட வேண்டியதில்லை. இரும்பு அலமாரியில், மேல் தட்டில், பிப்ரவரி என்று எழுதிய கட்டில், மேலிருந்து ஆறாவது.

மார்ச் 13

194. சோறு இறங்கவில்லை, ஆனாலும் சர்க்கரை ஏறுகிறது. இயந்திரம் கெட்டிருக்குமோ என்னவோ.

மதியம் ஏட்டு மரியசூசை மப்டியில் வந்தார். கையில் ஒரு சாக்கு. உள்ளே 27-ஆம் எண் பெட்டியின் ஃபோம்.

"அண்ணாச்சி, இன்ஸ்பெக்டர் ஐயா அனுப்பிச்சாவ. இத மாத்தி, நல்ல கட்டைக்கு வெட்டுன மாதிரி ஒண்ணு வெட்டித் தரணுமாம். ஆர்டிஓ ஐயா கெடங்க வந்து பாக்கப் போறாவ. அன்னைக்கு வரைஞ்ச பேப்பரையும் வாங்கிட்டு வரச் சொன்னாவ."

சாக்கை வாங்கிக் கீழே வைத்தேன். அவரே பேசினார். பட்டறை குடியிருப்புத் தெருவில் இருக்கிறதாம். இத்தனை ஃபோம், இத்தனை சொல்யூஷன் டப்பா, தீயணைப்புத் துறை லைசென்ஸ் இல்லையாம். யாராவது மொட்டை மனு போட்டால் அன்றைக்கே சீல். "ஐயா இதச் சொல்லச் சொல்லல அண்ணாச்சி, ஆனா சொல்லாமலும் விடச் சொல்லல."

"நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பரு, ஏட்டய்யா."

"எனக்கு ரெண்டு வருசம் சர்வீஸு இருக்கு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எட்டுப் பேர் இருக்கிறார்கள். பாப்பாத்தியைச் சேர்த்து எட்டு.

மார்ச் 14

203.

வெட்டிக் கொடுத்தேன். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடிந்தது. மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு நானே வெட்டினேன். புது ஃபோம் பளபளக்கும். பழசு போலத் தெரிய டால்க் பவுடரைத் தூவித் துடைத்தேன். புடைப்பில்லாத கழுத்து, நேர்க்கோடு. முப்பத்தி மூன்று வெட்டியதில் இதுதான் சுத்தமான வெட்டு என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

காகிதத்தையும் கொடுத்தேன். ஏட்டு நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பழைய ஃபோமையும் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்.

மார்ச் 15

பார்க்கவில்லை.

பாப்பாத்தி வந்தாள். அலமாரியில் கரையான் ஏறிப் பிப்ரவரிக் கட்டு பூராவும் போய்விட்டது என்றேன்.

"உங்க பேப்பருங்களாண்ணா? வருசா வருசம் மருந்து அடிப்பீங்களே. நான்தான அலமாரியத் தொடைப்பேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். "எம்பேச்ச நம்பாட்டி எதுக்கு வந்தே? நான் அன்னைக்கே சொன்னனல்ல, ஊர் வம்பு வேண்டாம்னு!" என்று எட்டுப் பேர் முன்னால் கத்தினேன். ஏழு பேர்.

அவள் தன் கட்டர், ஸ்கேல், சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். கட்டர் பட்டறையுடையது என்று நினைவு வந்ததும் திருப்பி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 19

226. டாக்டரிடம் போகவில்லை. போனால் நோட்டைக் கேட்பார்.

மார்ச் 22

வேலை இருக்கிறது. பல் டாக்டர் பெட்டி பத்து. மற்றவர்கள் பிடித்தால் சாமான் நகர்ந்துவிடுகிறது. இரண்டு அளவு தப்பாயிற்று.

மார்ச் 24

231. சம்மன் வந்திருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி ஆர்டிஓ, அதாவது கோட்டாட்சியர், விசாரணைக்கு ஆஜராக வேண்டும். பாப்பாத்தியின் வக்கீல் என்னைச் சாட்சியாகக் கேட்டிருக்கிறார். சாயந்தரமே ஆய்வாளர் போன் செய்தார். நலம் விசாரித்தார். நான்கு மாவட்டங்களுக்கு என் பேரைச் சொல்லியிருக்கிறாராம். "இருபத்தெட்டாந் தேதி கூட்டமா இருக்கும், பாத்து வாங்க" என்றார்.

தெய்வானையிடம் சொன்னேன். பூரா விவரமும் சொல்லவில்லை. அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "போய் நடந்ததச் சொல்லீட்டு வாங்க, என்ன இருக்குது அதுல?" என்றாள்.

மார்ச் 28

264.

அலுவலகத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் பாப்பாத்தி நின்றாள். கையில் ஒரு அரிசிச் சாக்கு. நான் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

ஆர்டிஓ அமைதியாகக் கேட்டார். பிப்ரவரியில் 27-ஆம் எண் துப்பாக்கியை அளவெடுத்தது நீங்கள்தானே? ஆமாங்க. அப்போது அதில் விரிசல் இருந்ததா? கவனிக்கலீங்க. அளவுக் காகிதம்? கரையான் அரித்துவிட்டதுங்க. பெட்டியிலுள்ள ஃபோம் நீங்கள் வெட்டியதா? ஆமாங்க. இதுவும் முதல் பதிலும் மட்டும் உண்மை.

பிறகு வக்கீல் நசீமா எழுந்தார். சின்ன வயசு. சாக்கைப் பிரித்து எடுத்து மேசையில் வைத்தார்.

கறுப்பு ஃபோமில் ஒரு துப்பாக்கி. சுண்ணாம்பும் மண்ணும் ஒட்டியிருந்தது, சுவர்ச் சந்திலிருந்து உருவியது. கழுத்தில் புடைப்பு. அடிக்கட்டையில் வெள்ளை பெயிண்டில் 27, கீழே தேதி, பிப்ரவரி 14. நான் ஏழு எழுதினால் நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவேன். ஐடிஐயில் படித்தபோது ஒன்றும் ஏழும் குழம்பக்கூடாது என்று வாத்தியார் பழக்கியது. அந்தக் கோடும் இருந்தது.

"இது உங்க பட்டறையில வெட்டினதுங்களா?"

"இந்த மாதிரி ஃபோம் எல்லாப் பக்கமும் கெடைக்குமுங்க."

"இந்த எழுத்து யாருதுங்க?"

"தெரியலீங்க."

"தெரியலீங்களா, உங்களுது இல்லீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க ஐயா. ரங்கனோட ஜாமீன் இதுலதான் நிக்குது."

பின்வரிசையில் ஆய்வாளர் கால் மேல் கால் போட்டிருந்தார். ஏட்டு மரியசூசை குனிந்து தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ற எழுத்து இல்லீங்க" என்றேன்.

ஒரு காகிதத்தைக் கொடுத்து இருபத்தேழு என்று எண்ணில் எழுதச் சொன்னார். எழுதினேன். ஏழுக்கு நடுவில் கோடு போடாமல் எழுதினேன். நாற்பது வருசத்தில் முதல் தடவை. அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

வெளியே வந்தபோது பாப்பாத்தி அந்த ஃபோமைத் திரும்பச் சாக்குக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று ஒரு நொடி நின்றேன். "சாப்ட்டுட்டுப் போங்கண்ணா, நேரமாச்சுது, சக்கரைக்காரரு" என்றாள். அதில் நக்கல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலாம்.

ஏப்ரல் 2

கோர்ட்டில் ரங்கனின் ஜாமீன் தள்ளுபடி. பேப்பரில் ஐந்தாம் பக்கம், நாலு வரி.

ஏப்ரல் 7

279. பக்கத்து மாவட்டத்திலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. துப்பாக்கி அறுபது. ஒரே அளவில் வெட்டிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 14

291. சித்திரை ஒன்று. தெய்வானை கண்ணாடி முன் பழம் வைத்திருந்தாள்.

பட்டறையில் ரங்கனைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நான் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதட்டிக் கேட்ட பிறகுதான் ஒருத்தன் சொன்னான். கால் அழுகிப்போய் நேற்றுத்தான் சிறையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்களாம். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். காலில்லாமலும் அவன் கைதிதான். வழக்கு நடக்கிறது. பறித்தான், உடைத்தான் என்று.

வீட்டுக்குப் போய்த் தெய்வானையிடம் முழுவதையும் சொன்னேன். காகிதம், ஃபோம், ஏழு. அவள் என் விரலைப் பிடித்து ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தாள். எண்ணைக் காட்டினாள்.

"ஒரு மாசமா அரிசியக் கொறைச்சேன், எண்ணெயக் கொறைச்சேன். சோத்துல இல்லீங்க இது" என்றாள்.

ஏப்ரல் 16

இன்று இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். பிப்ரவரி 11-ஆம் பக்கம். விரிசல், ஆறு சுற்றுச் செம்புக் கம்பி, ஜீப்பிலிருந்து விழுந்தது, எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். பூரிக்குக் கீழே டாக்டரின் பச்சைக் கோடு. பிப்ரவரி 28-இல் அவர் கையெழுத்தும் தேதியும். துப்பாக்கிச் சூட்டுக்கு ஒன்பது நாள் முன்பு. பின்னால் எழுதிச் சேர்த்தது என்று எவனும் சொல்ல முடியாது. காகிதத்தைக் கொடுத்தேன், ஃபோமைக் கொடுத்தேன், எழுத்தை இல்லை என்றேன். சர்க்கரை நோட்டை எல்லாரும் மறந்துவிட்டோம்.

கட்டர் கையிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தின் மடிப்பில் வைத்தேன். ஒரே இழுப்பு போதும். ஃபோமை விடக் காகிதம் சுலபம். எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட வந்த தெய்வானை கட்டரைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். எதையும் பிடுங்கவில்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

மடிப்பில் இப்போதும் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு இருக்கிறது. அது நான் வெட்டியது. வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

ஏப்ரல் 17

இன்றும் பார்க்கவில்லை.

நொச்சிக்காட்டூரில் பாப்பாத்தியின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ்ஸில் வந்தேன். பதினோரு வருசத்தில் முதல் தடவை இந்த வீட்டுக்கு வருகிறேன்.

சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல்கள். எல்லாவற்றிலும் கறுப்பு ஃபோமைத் திணித்திருக்கிறாள். 3, 11, 19, 30. என் எழுத்து நாலாபக்கமும் என்னைப் பார்க்கிறது. சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு சந்து மட்டும் காலியாக இருக்கிறது, வெளிச்சம் வருகிறது. அது 27 இருந்த இடமாக இருக்கும்.

நோட்டைக் கொடுக்க வந்தேன் என்றேன். "அதுல என்னங்கண்ணா எழுதியிருக்குது?" என்று கேட்டாள்.

"விரிசல் இருந்தது எழுதியிருக்குது. அப்பறம் நான் பொய் சொன்னதும் எழுதியிருக்குது, அம்மிணி."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலு போனதுக்கப்பறம் கொண்டாந்திருக்கீங்க" என்றாள். அழவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். வக்கீலம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள், வந்துகொண்டிருக்கிறார். அதற்குள் கடைசிப் பக்கத்தை எழுதிவிடலாமென்று பேனாவை எடுத்தேன்.

வக்கீலம்மா, பிப்ரவரி 11, 14, 28, மார்ச் 13, 14. இந்த ஐந்து பக்கங்களையும் பாருங்கள். மார்ச் 28-ஐயும் பாருங்கள். எனக்கு என்ன ஆகும் என்று தெரியும், லைசென்ஸ் விசயமும் தெரியும். எட்டுப் பேரிடமும் நேற்றே சொல்லிவிட்டேன். ஏழு பேரிடம். எட்டாவது ஆளிடம் இப்போதுதான் சொன்னேன்.

பாப்பாத்தி ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை போட்டிருக்கிறாள். இந்த வீட்டில் இதை வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் இல்லை. குடித்துவிட்டேன்.

இதில் எழுதியிருப்பது எல்லாம் நான் பார்த்தது, நான் செய்தது.

அளவு சரி.

சு. ஆறுக்குட்டி
ஏப்ரல் 17

ஏழுக்கு நடுவில் கோடு போட்டிருக்கிறேன்.